லில்லிபுஷ்பம் எல்லோரையும் மன்னித்த கிறிஸ்துமஸ்

குன்னூர்,
12 டிசம்பர் 1978

கிறிஸ்துவுக்குள் பிரியமான அற்புதராஜ் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை லில்லிபுஷ்பத்தின் கணவன் ஞானாபரணம் பணிவோடு ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே கோயமுத்தூரில் தாங்களும் அக்காவும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். சுகம் என்றுதான் கடிதத்தில் எழுத வேண்டும் என்பதால் அப்படி எழுதினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் வெலிங்டனில் ராணுவப் பண்டகசாலையில் இத்தனை வருஷம் குமாஸ்தாவாக இருந்து, எத்தனையோ கர்னல்களின் கோபத்தைத் தாங்கியவன், ஓய்வு பெற்ற பிறகு தங்கள் தங்கையின் ஆவிக்குரிய வளர்ச்சியைத் தாங்க முடியாமல் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தாங்கள் தலைமையாசிரியராக இருந்தவர். இன்றைக்கும் தங்கள் பெயரைச் சொன்னால் லில்லி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பாள். ஆகையால் கீழே கண்ட விஷயங்களைப் படித்துப் பார்த்து, தயவுசெய்து அவளுக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

எங்கள் சபைக்குப் புதிதாக ஒரு ஐயர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், சுருக்கமாகப் பிரசங்கம் செய்கிறவர். அவர் சுருக்குவதையெல்லாம் சேர்த்து ஐயரம்மா பேசிவிடுகிறார்கள். அந்த அம்மா அக்டோபர் கடைசியில் பெண்கள் சங்கக் கூட்டத்தில், கடையில் விற்கிற கிறிஸ்துமஸ் அட்டையில் பனியும் கலைமானும் சறுக்கு வண்டியும்தான் இருக்கின்றன, அதில் நம்முடைய சாட்சி எங்கே இருக்கிறது, இந்த வருஷம் ஒவ்வொருவரும் தன் கையாலேயே அட்டை செய்து, ஆண்டவர் தன்னை எப்படி வளர்த்தார் என்பதை அதில் காட்ட வேண்டும் என்று சொன்னார்கள். மற்ற பெண்கள் ஆமென் சொல்லி, டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். லில்லி நேராகக் கடைவீதிக்குப் போய் ஒரு கட்டு வெள்ளை அட்டையோடு வந்தாள். அன்றைக்கு என் மேசை போயிற்று. மறுநாள் என் நாற்காலி போயிற்று. அட்டையின் முன்பக்கம் காய்ந்த இலையும் பூவும் ஒட்டப் போகிறாளாம், நம் மலையை ஆண்டவர் உண்டாக்கியிருக்கும்போது அந்நிய நாட்டுப் பனி எதற்காம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மழையில் குடை பிடித்துக்கொண்டு, தேயிலைத் தோட்டத்து ஓடையோரம் குனிந்து குனிந்து பெரணி இலை பறித்தவன் நான். முதல் நாள் அட்டைப்பூச்சி இரண்டு காலிலும் ஏறி, ரத்தம் வழிய வந்து நின்றேன். அவள் என் காலைப் பார்க்கவில்லை. கையிலிருந்த இலையைப் பார்த்து, “ஏனுங்க, நுனி கிழிஞ்சிருக்குதே” என்றாள்.

இலையைக் காய வைக்க வேண்டும். இந்த ஊரில் மழை மாதங்களில் எதுவும் காய்ந்ததாகச் சரித்திரம் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். வீட்டில் இருக்கிற கனமான புத்தகம் எல்லாவற்றுக்குள்ளும் இலை போயிற்று. என் சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் டேலியா இதழ் விழுகிறது. என் பென்ஷன் காகிதங்களுக்கு நடுவில் ஒரு சில்வர் ஓக் இலை படுத்திருக்கிறது. மைதா மாவில் பசை காய்ச்சி ஒட்டினால், மூன்றாம் நாள் அதில் பூஞ்சணம் பூக்கிறது. அது வராமலிருக்க மயில்துத்தம் கலந்தோம், பூவிதழால் ஒட்டிய பெத்லகேம் நட்சத்திரம் பச்சை நிறமாகிவிட்டது. பிறகு கணப்புச் சட்டியில் கரி போட்டு, வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, துணிக்கு மாட்டுகிற கிளிப்பில் அட்டைகளைத் தொங்கவிட்டாள். என் காலுறைகளை அவிழ்த்து எறிந்துவிட்டு அந்தக் கிளிப்புகளைத்தான் எடுத்தாள். ஒரு மாதமாக நான் என் சொந்த வீட்டில் தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்கிறேன். ஒருநாள் ஐயர் வந்து பார்த்துவிட்டு, எனக்குத் தாழ்மை வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டுப் போனார்.

இதுவரை நடந்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன் மச்சான். உள்ளே என்ன எழுதுவது என்பதில்தான் விபரீதம் ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏனுங்க, இந்த வருசம் நான் எதுலீங்க வளர்ந்திருக்கறேன்?” என்று கேட்டாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஒரு கணவன் எதைச் சொன்னால் பேச்சு முடியுமோ அதைச் சொன்னேன். “உனக்கு முன்ன மாதிரி கோவம் வர்றதில்லை” என்றேன். அவள் பேனா மூடியைத் திறந்தாள். “ஆமாங்க. நெறையப் பேரை மன்னிச்சிருக்கறேன். அதை அவங்ககிட்டச் சொல்லவே இல்லை பாருங்க” என்றாள். பேனா ஓடத் தொடங்கியது. நான் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அன்றைக்கே எழுந்து பேனாவைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

எங்கள் பாடகர் குழுவை நடத்துகிற சில்வஸ்டரைத் தங்களுக்குத் தெரியும், போன முறை நீங்கள் வந்தபோது ஸ்டேஷனுக்குக் குடை கொண்டு வந்தாரே, அவர்தான். அவருக்கு முதல் அட்டை. முன்பக்கம் அழகான பெரணி. உள்ளே, “அன்புள்ள சகோதரருக்கு, ஞாயிறுதோறும் மூன்றாம் சரணத்தில் நீங்கள் சுருதியை விட்டு விலகும்போது நான் பல்லைக் கடிப்பேன். இந்த வருஷம் கடிப்பதில்லை. ஆண்டவர் எனக்கு நீடிய பொறுமை தந்தார். கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்” என்று எழுதியிருந்தது. தபாலில் கொண்டுபோய்ப் போட்டது யார்? நான்தான். உறை ஒட்டியிருந்ததால் எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் நாள் சில்வஸ்டர் வந்து மழையில் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கையில் அட்டை. “ஏனுங்க ஞானாபரணம், மூணாஞ் சரணத்துல நான் எங்கீங்க போறேன்?” என்று கேட்டார். “இருவது வருசமாப் பாடறேன். ஒருத்தரும் சொல்லலீங்களே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அத்தோடு கேரல் ஒத்திகைக்கு அவர் வருவதில்லை. ஆர்மோனியப் பெட்டியின் சாவி அவரிடம் இருக்கிறது. கேரல் ரவுண்ட்ஸ் அடுத்த வாரம். இந்த வருஷம் எங்கள் சபை வீடு வீடாகப் போய் வாயை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும் போலிருக்கிறது.

ஐயரம்மாவுக்குப் போன அட்டையில், “அம்மா, உங்கள் ஜெபம் நீளும்போது நான் மனதுக்குள் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். இப்போது நறுக்குவதில்லை. இதுவே என் வளர்ச்சி” என்று எழுதியிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, “உங்களுக்காக ஜெபிக்கிறோம்” என்றார். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவனிடம் சொல்கிற குரல் மச்சான் அது. ஐயரம்மா அன்றைக்கு ஜெபமே செய்யவில்லை. ஆராதனை முன்னதாகவே முடிந்ததில் சபை முழுவதும் லில்லியை நன்றியோடு பார்த்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது. அதை நான் பார்த்தேன். லில்லியும் பார்த்தாள்.

மளிகைக் கடை கருப்புசாமி அண்ணன் கதை வேறு. அவர் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், அவருக்கும் ஒரு அட்டை. பருப்பில் கல் இருந்ததை மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தாள். அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, மல்லிகைச் சரமும் போட்டுவிட்டார். யாராவது பருப்பில் கல் இருக்கிறதே என்று கேட்டால், “வேதக்காரம்மாவே மன்னிச்சு எழுதிக் குடுத்துட்டாங்க, நீங்க என்னங்க பெருசாச் சொல்ல வந்துட்டீங்க?” என்கிறார். கடைக்குப் போகிற ஜனமெல்லாம் அதைப் படிக்கிறது. லில்லிக்கு அந்தக் கடைப் பக்கமே போக முடியவில்லை. இப்போது பருப்பு வாங்குகிறவனும் நான்தான், கல் பொறுக்குகிறவனும் நான்தான்.

கடைசியில் மூக்கம்மா வந்தாள். எங்கள் வீட்டுக்குக் கீழே, எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறவள். கொழுந்து பறிக்கிற வேலை. மகன் மாரிச்சாமி பட்டாளத்தில் டிரைவர். போன வாரம் ஒரு சாயங்காலம், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள். “சாமி, எம் பேருக்குத் தபால்ல வந்திருக்கு. எம் பேருக்கு! தபால்காரரு கூப்புட்டுக் குடுத்தாரு. அம்மா அனுப்புனதாம். எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல, நீங்க வாசிங்க” என்று படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் பிரித்தேன். உள்ளே தங்கள் தங்கையின் முத்து முத்தான எழுத்து: “மூக்கம்மாவுக்கு, மலர்க் கண்காட்சிக்கு நான் வளர்த்த டேலியாவை உன் மாடு மொக்கோடு தின்றது. உன்னையும் மாட்டையும் மன்னித்துவிட்டேன்.”

நான் மூக்கம்மாவின் முகத்தைப் பார்த்தேன் மச்சான். நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, “அன்புள்ள மூக்கம்மாவுக்கு, எனக்குக் காய்ச்சல் வந்தபோது சுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாய். அதை நான் மறக்கவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்” என்று படித்தேன். காய்ச்சல் வந்ததா, கஞ்சி கொடுத்தாளா, எனக்கு ஒன்றும் தெரியாது. வாயில் வந்ததைப் படித்தேன். அவள் அப்படியே கண் கலங்கிவிட்டாள். “அந்தக் கஞ்சியையா! இன்னும் நெனப்பு வச்சிருக்காங்களே! சாமி, இன்னொருக்கா வாசிங்க” என்றாள். இன்னொரு தடவை படித்தேன். “மொத தடவ சுக்குன்னீங்க, இப்ப மொளகுங்கறீங்களே?” என்றாள். “ரெண்டும் இருக்குது, எழுத்து பொடியா இருக்குது” என்று கண்ணாடியைத் துடைத்தேன். டிசம்பர் குளிரில் எனக்கு வேர்த்துவிட்டது. அப்போதுதான் பின்னால் யாரோ நிற்கிறதாகத் தெரிந்தது. லில்லி. கையில் பசைக் கரண்டி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

பொய் சொன்னதற்கு மூக்கம்மாவின் முன்னாலேயே எனக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். லில்லியோ அட்டையை என் கையிலிருந்து வாங்கி, மூக்கம்மாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். “அவருக்குக் கண்ணு தெரியறதில்லை. நான் படிக்கறேன்” என்றாள். படித்தாள். “போன ஜூலையில இவரு ஆஸ்பத்திரியில இருந்தப்போ, காத்துல கற்பூர மரம் கூரை மேல சாஞ்சுது. நான் தனியா இருந்தேன். நீதான் வந்து எங்கூட இருந்தே. மழை நிக்கற வரைக்கும் தினமும் வந்தே. நான் பயந்ததை உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். நீ அதை யாருகிட்டயும் சொல்லலை.” அட்டையில் அப்படி ஒரு எழுத்து கிடையாது. ஆனால் அவள் அட்டையைப் பார்த்துத்தான் படித்தாள், ஒரு இடத்தில் நின்று, விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரிகூடப் படித்தாள். மூக்கம்மா அவள் முழங்காலைத் தட்டிக் கொடுத்துவிட்டு, “அதுக்கெல்லாம் எழுதுவாங்களா யாராச்சும்” என்று சொல்லி, அட்டையை மறுபடி மடியில் கட்டிக்கொண்டு போனாள்.

மச்சான், ஜூலையில் நான் பித்தப்பை ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தேன். லில்லி தினமும் பஸ் ஏறி வந்து, வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றுதான் சொல்வாள். மரம் விழுந்தது எனக்குத் தெரியும். கொல்லைப்புறத்தில் விழுந்ததாகச் சொன்னாள். கூரை மேல் என்று சொல்லவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி தட்டைக் கழுவும்போது அவள், “மன்னிச்சேன் மன்னிச்சேன்னு ஊரு பூரா எழுதிப் போட்டேனுங்க. எனக்கு ஒத்தாசை செஞ்சதை ஒருத்தருக்கும் எழுதலை” என்றாள். நான் இரக்கப்பட்டு, “அதனால என்ன, அடுத்த வருசம் எழுதிக்கலாம்” என்றேன். நான் எப்போது வாயைத் திறந்தாலும் இப்படித்தான் ஆகிறது. மறுநாள் காலையில் எழுந்தால் கயிறு மறுபடி கட்டியிருக்கிறது. எல்லா அட்டையையும் திரும்பச் செய்யப் போகிறாளாம். எல்லாருக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே. என்னைத் திரும்பவும் ஓடைக்கு அனுப்பிவிட்டாள்.

முதல் அட்டை மூக்கம்மாவுக்குத்தான். படியில் உட்கார்ந்து படித்ததை அப்படியே எழுதி, “லீவுல மாரிச்சாமி வந்து பழைய அட்டையைப் படிச்சான்னா என்ன ஆகறது, இதைக் குடுத்துட்டு அதை வாங்கிட்டு வந்துடுங்க” என்று என்னை அனுப்பினாள். நான் போனால், பழைய அட்டை சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. இது வேறே நல்ல அட்டை, அதைக் கொடு என்று எவ்வளவோ சொன்னேன். “ரெண்டும் எனக்குத்தானே சாமி வந்துச்சு, ரெண்டும் இருக்கட்டும்” என்று என் முன்னாலேயே புதியதையும் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். ஆக ஒரு சுவரில் இப்போது அவளுக்கு நன்றியும் இருக்கிறது, மாட்டுக்கு மன்னிப்பும் இருக்கிறது. மாரிச்சாமி வந்து படிக்கத்தான் போகிறான். வந்து சொன்னேன். லில்லி கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டு, “போகட்டுங்க. ரெண்டும் நெசந்தானே” என்றாள்.

இப்போது எனக்கு வேறு வேலை வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் எங்களுக்கு என்ன நல்லது செய்தார்கள் என்று நான் ஞாபகப்படுத்திச் சொல்ல வேண்டும். கருப்புசாமி என்ன நல்லது செய்தார் என்பதற்கு ஒரு நாள் முழுக்கப் போயிற்று. சில்வஸ்டருக்கு எதுவும் தோன்றாமல் நேற்று சாப்பாடு ஆறிப்போயிற்று. என் மேசை எனக்கு வேண்டும் மச்சான். நிமிர்ந்து நடக்க வேண்டும். காலுறையைக் காயப் போட வேண்டும். ஆகவே கோரிக்கை என்னவென்றால், தாங்கள் உடனே, தலைமையாசிரியர் என்கிற முறையில், “லில்லி, அட்டை போதும்” என்று ஒரு கார்டு எழுதிப் போட வேண்டும். கடையில் வாங்கிய கார்டாக இருந்தால் இன்னும் நல்லது, பனி போட்டது.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவருடைய அன்பைச் சொல்லவும். பிறக்கப்போகிற வருஷத்தில் ஆண்டவர் தங்கள் வீட்டை நிறைவாய் ஆசீர்வதிக்கட்டும், என் வீட்டைக் கொஞ்சம் காலி செய்தும் தரட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஈ. ஞானாபரணம்

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து. தாங்கள் லில்லிக்கு ஒன்றும் எழுத வேண்டாம்.

நேற்று இதை உறையில் போட்டு வைத்தேன், மழையால் தபாலுக்குப் போகவில்லை. இன்று காலையில் சில்வஸ்டர் வந்தார். இந்த முறை உள்ளேயே வந்துவிட்டார். அவருக்கு லில்லி கடைசியில் என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவே இல்லை, அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அவரும் சொல்லவில்லை. குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, “பசை எங்கீங்க இருக்குது? நானும் ஐயரம்மாவுக்கு ஒண்ணு செய்யோணும்” என்று என் மேசையிலேயே உட்கார்ந்தார். ஆர்மோனியப் பெட்டிச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். பிறகு ஐயரம்மாவே வந்தார்கள், கையில் லில்லியின் புது அட்டை. மூவரும் கத்தரிக்கோலை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வேலை செய்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். லில்லி ஒரு வெற்று அட்டையை என் பக்கம் தள்ளி, “நீங்களும் யாருக்காச்சும் ஒண்ணு எழுதுங்களேன்” என்றாள்.

வாழ்நாள் முழுவதும் எழுத்து வேலை பார்த்தவன், மத்தியானம் வரை ஒரு வரி வரவில்லை. பிறகு வந்தது. “மச்சான், உங்கள் தங்கையை எனக்குக் கொடுத்தீர்கள்” என்று எழுதினேன். அதற்கு மேல் அட்டையில் நிறைய இடம் இருக்கிறது, எழுதத் தெரியவில்லை. அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இங்கே அட்டை தீர்ந்துவிட்டது. கோயமுத்தூரில் கெட்டியான வெள்ளை அட்டை கிடைத்தால் ஒரு கட்டு வாங்கி, அடுத்த ரயிலிலேயே அனுப்பி வைக்கவும். உங்கள் அட்டையில் இலையை நானேதான் ஒட்டினேன். தலைகீழாக ஒட்டிவிட்டது. பசை காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை.